அந்தக் கிளிப்பைப் போடாமல் நிறுத்தியவர்களுக்கு

பித்தப்பைக் கல் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன். விசாரித்த எல்லோருக்கும் நன்றி. ஆனால் இந்த மடல் தியேட்டருக்குள் என்னைச் சுற்றி நின்றவர்களுக்கு. அவர்கள் என்ன செய்தார்கள் என்பது மயக்கத்தில் கிடந்த எனக்குத் தெரியாது, டாக்டர் வீடியோவைக் காட்டி விளக்கியபோதுதான் புரிந்தது.

டாக்டர், வழக்கமாக இரண்டை மட்டும்தான் கிளிப் போட்டு இறுக்கி மூடி வெட்டுவோம் என்றீர்கள்: பித்தப்பையின் குழாய், அதற்கு ரத்தம் கொண்டுவரும் மெல்லிய தமனி. எனக்கோ கல்லீரலுக்குப் போகும் வலது தமனியே கம்பளிப்பூச்சி முதுகைத் தூக்குவதுபோல வளைந்து பித்தப்பையை ஒட்டி நின்றிருக்கிறது. முன்னால் எடுத்த அல்ட்ராசவுண்டில் இது தெரியவில்லை. அதைக் குறை சொல்லவும் முடியாது, அந்த ஸ்கேன் கல்லைத்தான் தேடுகிறது. பித்தப்பைத் தமனி என்று எண்ணி அதில் கிளிப் போட்டிருந்தால் கல்லீரலின் வலது பக்கத்துக்குப் போகும் ரத்தம் தடைபட்டிருக்கும், கிழிந்திருந்தால் ரத்தத்தை நிறுத்துவதே பெரும்பாடாகியிருக்கும். இவ்வளவு தடிமனாக இருக்கிறதே என்று நீங்கள் கையை நிறுத்திய இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கருவி அசையவில்லை, அந்தத் தமனி மட்டும் எழும்பி எழும்பித் துடிக்கிறது.

அப்புறம் அவசரமே படாமல் கொழுப்பையும் சவ்வையும் விலக்கி, பித்தப்பையின் கீழ்ப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரித்து, பித்தப்பைக்குள் போவது இரண்டே இரண்டுதான் என்று உறுதியான பிறகு, அந்த வளைவிலிருந்து கிளம்பிய குட்டைத் தமனியில் மட்டும் கிளிப் போட்டீர்கள். ஸ்ட்ராஸ்பெர்க் என்ற சர்ஜன் 1995-ல் சொல்லிவைத்த முறை இது என்றீர்கள். முறை எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்கலாம், ஆபரேஷன் நீண்டுகொண்டே போகும்போதும் அதை விடாமல் பிடித்துக்கொள்வது பெரிய விஷயம்.

கேட்டதும் வந்து பார்த்த சீனியர் டாக்டருக்கும், கேமராவை ஆடாமல் பிடித்திருந்த இளம் டாக்டருக்கும், நேரம் கூடக்கூட என்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்ட மயக்க மருந்து டாக்டருக்கும், கிளிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்த சிஸ்டருக்கும் மனமார்ந்த நன்றி. டிஸ்சார்ஜ் சம்மரியில் இதைத் தனிப் பத்தியாகத் தெளிவாக எழுதியவருக்கும்தான். நாளைக்கு என் கல்லீரலில் யார் கை வைத்தாலும் முன்கூட்டியே தெரிந்துகொள்வார்கள்.

இந்த வளைவுக்கு மொய்னிஹன் என்ற பிரிட்டிஷ் சர்ஜனின் பெயரே இருக்கிறதாம். அப்படியானால் எனக்கு முன்பே எத்தனையோ பேரின் உடலில் இதைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்கள். படிப்புக்காக உடலைக் கொடுத்த, பெயர் தெரியாத அவர்களுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

என் வீடியோவை மாணவர்களுக்குக் காட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் காட்டுங்கள் டாக்டர், கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதத்தை அடுத்த செக்கப்புக்கு வரும்போது எடுத்துவருகிறேன்.