துண்டு கேட்ட அன்ரிக்கும், எங்களைக் கைவிடாத கரையோரத்து உறவுகளுக்கும்

அன்புள்ள வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை உறவுகளுக்கு,

நேற்று இரவு எட்டரை மணிக்குக் கூட்டம் முடிந்தது. வீட்டுக்கு வந்து, சாப்பிடக்கூட மனமில்லாமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். விடிந்தால் மனம் ஆறிவிடும். ஆறிய மனத்தோடு உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இந்த ஆறு கிழமையும் நடந்ததைத் திரும்ப எழுதப் போவதில்லை. கரைத் துப்புரவுக்கென்று சேர்த்த காசை நாங்கள் எடுத்துக்கொண்டோம் என்று தொலைபேசிக்குத் தொலைபேசி போன குரல்பதிவுகளை நீங்களும் கேட்டீர்கள். கடைகளில் வைத்திருந்த எங்கள் உண்டியல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்ததையும் பார்த்தீர்கள். நேற்றுக் கையை உயர்த்தி "பிள்ளையள் தொடர்ந்து செய்யட்டும்" என்று சொன்னவர்களும் நீங்கள்தான். பலகையில் ஏறி அலையில் சறுக்குகிற பிள்ளைகள் சேர்ந்து நடத்துகிற எங்கள் அமைப்பு மூடப்படவில்லை. சனிக்கிழமைக் கரைத் துப்புரவு வழமைபோல நடக்கும். இந்த இரண்டு வரிகளையும் எழுத முடிகிறதே என்று நினைக்கும்போது கை நடுங்குகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நீங்கள் கேட்ட கேள்வி நியாயமானது. அலையில் சறுக்கி விளையாடுகிற பிள்ளைகளுக்கு ஊர்க் காசு எதற்கு? 2022இல் காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு காலி வீதியில் நாள் முழுக்க வரிசையில் நின்ற ஊர் இது. மருந்துக்குக் காசு தேடுகிற வீடுகள் இன்றைக்கும் எங்கள் ஒழுங்கைகளிலேயே இருக்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில் உண்டியலை நீட்டுகிறவர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். நாங்கள் பதில் சொல்லாமல் கோபப்பட்டோம். பொருளாளர் என்ற வகையில் அந்தப் பிழை முதலில் என்னுடையது. காசை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. ஆனால் போகவில்லை என்று காட்ட என்னிடம் ஒழுங்கான ஒரு தாள்கூட இருக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் அன்ரி வந்தார்.

அவரின் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மரீன் டிரைவுக்கு இறங்குகிற ஒழுங்கையில், காலையும் மாலையும் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவர் என்றால் பாதிப் பேருக்கு விளங்கிவிடும். மூன்றாவது கிழமை, எல்லோரும் எங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போன ஒரு சனிக்கிழமை, தண்டவாளத்தைக் கடந்து மெதுவாகக் கரைக்கு இறங்கி வந்தார். சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த 500 ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார். வாங்கிப் பேணிக்குள் போட்டேன். அவர் போகவில்லை.

"பிள்ளை, துண்டு எங்கை?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பற்றுச்சீட்டைத்தான் கேட்கிறார் என்று விளங்கியதும் கண் கலங்கிவிட்டது. இவருமா எங்களைச் சந்தேகப்படுகிறார் என்று நினைத்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"அழாதேங்கோ. நம்பாட்டி நான் ஏன் காசு தாறன்? நம்பினபடியாத்தான் துண்டு கேக்கிறன். நாளைக்கு ஆரும் உங்களைக் கேட்டால் காட்ட வேணுமெல்லோ."

எங்களிடம் பற்றுச்சீட்டுப் புத்தகமே இருக்கவில்லை. அன்று பின்னேரம் காலி வீதியில் ஒரு புத்தகக் கடையில் கரித்தாள் வைத்த புத்தகம் ஒன்று வாங்கி, முதலாம் இலக்கத் துண்டை அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை மேசையில் வைத்துவிட்டு, உள்ளே போய்த் தன்னுடைய சீஆர் கொப்பி ஒன்றை எடுத்து வந்தார். அந்தக் கொப்பியை நான் மறக்க மாட்டேன்.

இருபது வருடத்துக்கும் மேலாக அந்த ஒழுங்கையில் சீட்டுப் பிடிக்கிறவர் அவர். மண்ணிறத் தாள் உறை. மூலைகளில் பழைய கலண்டர் தாளை மடித்து ஒட்டியிருந்தார். உள்ளே அடிமட்டம் வைத்துச் சிவப்புப் பேனாவால் இழுத்த கோடுகள். பெயர், திகதி, தந்த காசு, மிச்சம். பிழைத்த எண்களை அழிக்கவில்லை. ஒற்றைக் கோட்டால் வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதித் தன் கையெழுத்தின் முதலெழுத்தையும் போட்டிருந்தார். "அழிச்சால்தான் பிள்ளை சந்தேகம் வரும். வெட்டினால் வராது" என்றார். பக்கங்களின் ஓரத்தில் அரிசிமா படிந்த விரல் அடையாளம் மங்கலாகத் தெரிந்தது.

அதன் பிறகு மூன்று இரவுகள். இடியப்ப வேலை முடித்து, ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். ஒரு சொப்பிங் பை நிறைய இருந்த பில்களைத் தரையில் கொட்டிக் கூறு கூறாகப் பிரித்தோம். கையுறை, சாக்கு, குப்பை ஏற்றிய சின்ன லொறியின் வாடகை. இடையில் ஒரு பில்லைப் பிடித்துக்கொண்டு, "இதென்ன மெழுகு? கோயிலுக்கோ?" என்று கேட்டார். அது அலைச்சறுக்குப் பலகையில் கால் வழுக்காமல் இருக்கத் தேய்க்கிற மெழுகு.

"இதையும் கரைக் காசிலயோ வாங்கினியள்?"

ஆம். அதையும் அதில்தான் வாங்கியிருந்தோம். உடைந்த பலகை ஒன்றைத் திருத்திய செலவும், அலை சறுக்க வெலிகமைக்குப் போய்வந்த ரயில் ரிக்கெற்றும் அதே பையில் கிடந்தன. களவு என்று நினைத்து யாரும் செய்யவில்லை. எல்லாம் ஒரே வேலைதானே என்று நினைத்திருந்தோம். அன்ரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "பலகை உங்கடை. கரை எல்லாரின்ரை. ரெண்டு கொப்பி போடுங்கோ."

அந்த இரவே இரண்டு கொப்பி போட்டோம். விளையாட்டுக்கு ஒன்று, கரைக்கு ஒன்று. விளையாட்டுக் கொப்பியில் வர வேண்டிய செலவை நாங்கள் பதினொரு பேரும் எங்கள் கையிலிருந்து கரைக் காசுக்குத் திருப்பிப் போட்டு நேராக்கினோம். நேற்று நீங்கள் மேசையில் புரட்டிப் பார்த்தது இரண்டாவதை.

கணக்கோடு கணக்காக அன்ரி எங்களைக் கேள்வியும் கேட்டுக்கொண்டே இருந்தார். வெளிநாட்டிலும் இப்படிச் செய்கிறார்களா என்று கேட்டார். சொன்னேன். 1984இல் அமெரிக்காவின் மாலிபுவில், அலைச்சறுக்குக்காரர்கள் சிலர் தங்கள் கரை கெட்டுப்போவதைப் பொறுக்காமல் சேர்ந்து தொடங்கியதுதான் சேர்ஃப்ரைடர் பவுண்டேஷன். 1990இல் இங்கிலாந்தின் கோர்ன்வோலில், கழிவுநீருக்குள் சறுக்கி நோய்ப்பட்டுக் களைத்தவர்கள் இன்னொரு அமைப்பைத் தொடங்கினார்கள். இருவருக்கும் காரணம் ஒன்றுதான். கடலைப் பார்க்கிறவர் நிறையப் பேர். அந்தத் தண்ணீரைத் தினமும் வாயாலும் காதாலும் குடிக்கிறவர்கள் அலைச்சறுக்குக்காரர்கள். தண்ணீர் பழுதானால் முதலில் காய்ச்சல் வருவது அவர்களுக்குத்தான். கலிபோர்னியாவில் பெரிய மழை பெய்தால் 72 மணித்தியாலத்துக்குக் கடலில் இறங்க வேண்டாம் என்று சுகாதாரப் பகுதியினர் அறிவிப்பார்கள். எங்களுக்கு அறிவிப்பு வருவதில்லை. மழைக்கு மறுநாள் வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் கடலில் விழுகிற இடத்தைப் போய்ப் பார்த்தால் போதும். யோகட் கோப்பை, பம்பர்ஸ், பொலித்தீன் எல்லாம் ஒரு மண்ணிறப் பாய் மாதிரி மிதக்கும். அதே கரையில்தான் பின்னேரம் சின்னப் பிள்ளைகள் கால் நனைக்கிறார்கள்.

"அது சரி. பாறைக்கும் எங்களுக்கும் என்ன?" என்றும் கேட்டார். கடலடிப் பாறைகளைக் காக்க வேண்டும் என்று எங்கள் துண்டுப்பிரசுரத்தில் எழுதியிருந்தோம். அலைச்சறுக்குக்கு நல்ல அலை வேண்டும் என்பதற்காகத்தான் இது என்று ஊரில் கதை.

தெற்குக் கரையில் இருக்கிற பெரேலியவைச் சொன்னேன். நாங்கள் வெலிகமைக்குப் போகிற ரயில் அங்கே இருக்கிற ஆழிப்பேரலை நினைவுத்தூபியைக் கடந்துதான் போகும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை அங்கே ஒரு கிலோமீற்றருக்கும் மேலாக உள்ளே வந்து, நின்றிருந்த ரயிலைப் புரட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கேயே போனார்கள். சில கிலோமீற்றர் தள்ளி இருக்கிற ஹிக்கடுவையில் கடல் அவ்வளவு தூரம் உள்ளே வரவில்லை. ஹிக்கடுவையில் பவளப்பாறை காக்கப்பட்டிருந்தது, பெரேலியப் பக்கம் சுண்ணாம்புக்காக அதை வெட்டி எடுத்திருந்தார்கள், வித்தியாசத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று பிறகு ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். அலை உடைகிற பாறைதான் அலையின் பலத்தையும் உடைக்கிறது. சறுக்குகிறவருக்கு அது விளையாட்டு, கரையில் வீடு வைத்திருப்பவருக்கு அது வேலி.

அன்ரி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அண்டைக்குக் காலமை நான் இடியப்பம் அவிச்சுக்கொண்டிருந்தனான். அந்த ரயிலும் இதாலைதானே போயிருக்கும்" என்றார். எங்கள் வீட்டு யன்னலுக்கு வெளியே கடைசி ரயில்களில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது போய் முடியும்வரை இருவரும் பேசாமல் இருந்தோம்.

அடுத்த சனிக்கிழமை அவர் கரைக்கு வரும்போது கையில் ஒரு பழைய அரிதட்டு இருந்தது. 2021 மே மாதம் எரியத் தொடங்கி ஜூனில் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதிலிருந்து கொட்டிய 1,600 தொன்னுக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் மணிகளில் எத்தனையோ இன்னும் மணலுக்குள் கிடக்கின்றன. பயறளவுகூட இல்லாத வெள்ளை மணிகள். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது. அந்தக் காசு வருகிறபோது வரட்டும். மணலை ஆராவது குந்தியிருந்து அரிக்கத்தானே வேண்டும்.

நாங்கள் இவ்வளவு காலமும் ஈர மணலை அள்ளிப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தோம். அன்ரி அதைப் பார்க்கப் பொறுக்காமல் அரிதட்டை வாங்கினார். மேல் மணலை வெயிலில் விரித்துக் காயவிட்டார். பிறகு இரண்டு கை மட்டும் அள்ளிப் போட்டு, ஒரு பக்கத்தை உள்ளங்கையால் மெல்லத் தட்டினார். மணல் கீழே ஓடிப்போக, சிப்பித் துண்டுகளுக்கு நடுவே மணிகள் மட்டும் நின்றன. சில மஞ்சளாகிவிட்டிருந்தன. ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தார். அது உடையவில்லை. "இதை மீன் திண்டால்?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. அந்த அரிதட்டை இப்போது எங்களிடமே விட்டுவிட்டார்.

மற்ற எல்லோருக்கும் தனித்தனியாக எழுத இடம் போதாது, மன்னிக்க வேண்டும். உண்டியலைக் கடைசிவரை எடுக்காமல் வைத்திருந்த மருந்துக்கடை அண்ணா, கணக்குத் தாளைத் தன் கண்ணாடியில் ஒட்டவிட்ட பலசரக்குக் கடைக்காரர், வலையில் சிக்கிய குப்பையைத் திரும்பக் கடலில் போடாமல் எங்களுக்காகக் கரைக்குக் கொண்டுவந்த தெஹிவளை மீனவ நண்பர்கள், அந்தக் குரல்பதிவுகளைச் சிங்களத்தில் விளக்கி எங்களுக்காகப் பேசிய மல்லிமார், தொழுகை முடிந்து நேராகச் சாக்குப் பிடிக்க வந்த இளைஞர்கள், பாடசாலைப் பிள்ளைகளை அனுப்ப மறுக்காத பெற்றோர், மாநகரசபைத் தொழிலாளர்கள், கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் "கணக்கை அனுப்பு, பிறகு காசு அனுப்புறன்" என்று சொன்ன உறவுகள். கடைசியாகச் சொன்னவர்களுக்கும் முழு மனத்தோடு நன்றி. அப்படிக் கேட்பது எங்கள் மீதுள்ள அக்கறை என்று இப்போது எனக்குத் தெரியும்.

எங்களுக்குக் காசு தரலாமா, தரத் தகுதி உண்டா என்று இன்னும் யோசிக்கிறவர்கள் இருக்கிறீர்கள். யோசியுங்கள். கரையில் செய்த வேலையைக் காட்டக்கூடிய மாதத்தில் தாருங்கள், காட்ட முடியாத மாதத்தில் தராதீர்கள். பலகை, மெழுகு, பயணம், உடுப்பு எதற்கும் இனிக் கரைக் கொப்பியிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க மாட்டோம். பத்து ரூபாய் தந்தாலும் துண்டு தருவோம். பெரிய தொகை தருகிற யாரும் கரையில் பெயர்ப்பலகை கேட்டால் வேண்டாம் என்போம். நான் பொருளாளராக இருக்கும்வரை இதற்கு நான் பொறுப்பு. எனக்குப் பிறகு வருகிறவரிடம் அந்த இரண்டு கொப்பியையும் அன்ரியின் முன்னால் வைத்தே கையளிப்பேன்.

இந்தச் சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கூடுவோம். தண்டவாளத்தைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்து வாருங்கள். வீட்டில் பழைய அரிதட்டு இருந்தால் கொண்டு வாருங்கள்.

மாதக் கணக்கு ஐந்தாம் திகதி கடைக் கண்ணாடியில் ஒட்டப்படும். அன்ரி, பின்னேர வேலை முடிந்ததும் ஒருக்கால் வந்து பார்த்துவிட்டுப் போங்கோ. கூட்டலை மூன்று தரம் சரிபார்த்துவிட்டேன். ஒரு இடத்தில் பிழைத்துவிட்டது. அழிக்கவில்லை, வெட்டித்தான் எழுதியிருக்கிறேன்.

அன்போடும் நன்றியோடும்,
பொருளாளர்
வெள்ளவத்தை, கொழும்பு