சிவப்பாக இருந்தால் செட்டிநாடா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியில் எங்கெங்கே சாப்பிடலாம் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். 2024-இல் மாநகராட்சியான ஊர் இது. ஆத்தங்குடி, கானாடுகாத்தான் வீடுகளைப் பார்க்க வருகிறவர்களும் மதியச் சாப்பாட்டுக்கு இங்கேதான் வண்டியைத் திருப்புகிறார்கள். அவர்களுக்குக் கடைப் பட்டியல் உதவும். ஆனால் "சிவக்கச் சிவக்கச் செட்டிநாட்டுக் கோழி" என்று புகழ்ந்திருந்ததை அப்படியே விட மனம் வரவில்லை.

மிளகும் வறுத்த மல்லியும் சுண்ட வதங்கிய சின்ன வெங்காயமும் சேர்ந்தால் நிறம் கரும்பழுப்பாகத்தான் வரும். பளீரென்ற சிவப்பு கலர் பொடியின் வேலை. கறிக்குழம்பிலும் வறுவலிலும் செயற்கை நிறம் சேர்க்க உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தரவில்லை என்பது கடைக்காரர்களுக்குத் தெரியாததல்ல.

கோளாறு தொடங்கும் இடம் பொது கிரேவி. பெரிய வெங்காயம், தக்காளி, முந்திரி விழுதை வதக்கிக் காலையிலேயே அண்டா நிறையச் செய்துவைக்கிறார்கள். ஆர்டர் வந்ததும் ஒரு கரண்டி எடுத்து, பொரித்த எலும்பில்லாத துண்டுகளைப் போட்டு மிளகுத்தூள் தூவினால் செட்டிநாடு. வெண்ணெய் போட்டால் வேறு பெயர். தக்காளிப் புளிப்பு மிளகை அமுக்குகிறது, முந்திரி சோம்பின் வாசனையை மூடுகிறது. கறி மசாலாவோடு சேர்ந்து வேகவே இல்லை. எலும்புச் சாறும் இறங்கவில்லை. பிறகு ருசி எங்கிருந்து வரும்?

ஒரு கிலோ நாட்டுக்கோழிக்கு மல்லி 2 மேசைக்கரண்டி, மிளகு 2 தேக்கரண்டி, சோம்பும் சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி, வரமிளகாய் 6 முதல் 8 வரை போதும். மல்லியை முதலில் சிறு தீயில் வறுக்க வேண்டும். சோம்பு சீக்கிரம் கருகும், அதனால் கடைசியில். சின்ன வெங்காயம் கால் கிலோவுக்குக் குறையக் கூடாது. உரிக்க ஆள் இல்லை என்று பெரிய வெங்காயம் போட்டால் நீர் விட்டுக் குழம்பு இனித்துவிடும். தாளிப்பு நல்லெண்ணெயில். பட்டை, கிராம்போடு அன்னாசிப்பூ ஒன்று, மராட்டி மொக்கு ஒன்று, கல்பாசி ஒரு சிட்டிகை.

கல்பாசியைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். பெயரில் பாசி இருந்தாலும், பாறையிலும் மரப்பட்டையிலும் பாசியும் பூஞ்சையும் ஒன்றாய்ச் சேர்ந்து படர்வது அது. மரத்துணுக்கும் மணலும் ஒட்டியிருக்கும், ஆய்ந்துதான் போட வேண்டும். கையில் எடுத்தால் பெரிதாக வாசனை தெரியாது. சூடான எண்ணெயில் விழுந்ததும்தான் மணம் கிளம்பும். வாசனை போதவில்லை என்று பொடியில் அள்ளிப்போட்டு அரைத்தால் குழம்பு கசந்து மண்வாடை அடிக்கும். "செட்டிநாடு மசாலா" என்று மாதக்கணக்கில் டப்பாவில் கிடக்கும் பொடியில் மணம் பறந்துபோய்க் காரம் மட்டும் மிஞ்சியிருக்கும். செட்டிநாடு என்றாலே காரம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதற்கு அந்த டப்பாவும் ஒரு காரணம்.

சைவத்தில் நிலைமை இன்னும் மோசம். வெண்டைக்காய் மண்டி எத்தனை கடைப் பலகையில் இருக்கிறது? அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீரில் புளி கரைத்து, வெண்டைக்காயை வழவழப்புப் போக எண்ணெயில் வதக்கி, சின்ன வெங்காயம், முழுப் பூண்டு, பச்சை மிளகாய், வேகவைத்த மொச்சை சேர்த்துக் கொதிக்கவிட்டால் முடிந்தது. முதல் கழுவலில் தூசியும் தவிடும் வரும், ஆகாது. அந்தக் கஞ்சித்தன்மைக்குப் பதிலாகச் சோளமாவு கரைத்து விடுகிறவர்கள் உண்டு. பசைபோல் இறுகி, மறுபடி சுடவைத்தால் நீர் விட்டுப் பிரியும். சாப்பாட்டுக் கடை ஒவ்வொன்றும் தினமும் குடம் குடமாக அரிசி கழுவிச் சாக்கடையில்தான் ஊற்றுகிறது. அதில் ஒரு பாத்திரம் பிடித்துவைக்க என்ன செலவு?

வெள்ளைப் பணியாரம் கடைகளில் படும் பாடு தனி. தோசைமாவில் ஊற்றித் தருகிறார்கள். பச்சரிசி ஒரு ஆழாக்குத் தலைதட்டி எடுத்து, அதன்மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்து நிற்கிற அளவுதான் கணக்கு. இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் குறைத்து வெண்ணெய்போல் அரைத்து, உப்பும் சிட்டிகை சர்க்கரையும் போட்டு, ஊற்றும் பதத்துக்குப் பால் விட்டுக் கரைக்க வேண்டும். புளிக்கவிடக் கூடாது, புளித்தால் சிவந்துபோகும். உளுந்து கூடினால் எண்ணெய் குடிக்கும், குறைந்தால் விறைக்கும். அதனால் முதலில் ஒன்று ஊற்றிப் பார்த்துவிட்டு, எண்ணெய் குடித்தால் கொஞ்சம் அரிசிமாவு சேர்ப்பது வழக்கம். எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்க, நடுவில் ஒரு குழிக்கரண்டி விட்டால் தானே எழும்பி ஓரம் விரியும். ஒரே தடவை திருப்பி, நிறம் மாறுமுன் எடுத்துவிட வேண்டும். ஒவ்வொன்றாகத்தான் சுட முடியும், சுட்டதை மூடிவைத்தால் துவண்டுவிடும். கடைக்காரர்களுக்கு இதில்தான் சலிப்பு. அதற்கு வழி உண்டு: இரண்டு வாணலி, ஒரு ஆள், மாலை 4 முதல் 6 வரை மட்டும் என்று எழுதிப்போடலாம். வரமிளகாய்த் துவையலோடு சுடச்சுட வைத்தால் காத்திருந்து வாங்குவார்கள்.

கடைக்காரர்களை மட்டும் சொல்லி என்ன செய்ய? எலும்பு வேண்டாம், ஐந்து நிமிடத்தில் வேண்டும், கொஞ்சம் சிவப்பாக வேண்டும் என்று கேட்கிறவர்களும் நாம்தான். பட்டியலில் அறுபது அயிட்டம் இருக்கும் கடையில் பொது கிரேவி இல்லாமல் நடத்த முடியாது. தினம் எட்டு, பத்து வகை, அன்றன்று அரைத்த மசாலா, தீர்ந்தால் தீர்ந்ததுதான் என்று நடத்தும் சிறு மெஸ்களைத் தங்கள் அடுத்த பட்டியலில் முதலில் போடுங்கள்.

கவுனி அரிசி (கருப்பரிசி) இனிப்பு கேட்டு வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது முதல்நாள் இரவே ஊற வேண்டிய அரிசி. ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவைத்தால்தான் கருஞ்சிவப்பு நிற்கும். சர்க்கரையை அரிசி குழைந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். முன்னால் போட்டால் எவ்வளவு நேரம் அடுப்பில் இருந்தாலும் நறுக்கென்றே நிற்கும். ஆகவே முதல்நாளே கடைக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
சமையற்காரர்கள் சிலர்,
காரைக்குடி