பில்லில் கையெழுத்துப் போட்டவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் காவல்துறை, சிறைத்துறைச் சீர்திருத்தம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை படித்தது ஒரே ஒரு வரிக்காக. துறைக்குள் இல்லாத அறிவை வெளியிலிருந்து ஆலோசகர்கள் கொண்டுவரும்போது அதற்கு ஆன செலவைத் துருவித் துருவிக் கேட்பது சீர்திருத்தத்துக்கே முட்டுக்கட்டை என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். "துறைக்குள் இல்லாத அறிவு" என்ற சொற்களை என்னால் விழுங்க முடியவில்லை. நான் ஒரு சிறை அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் 26 ஆண்டு இருந்து ஓய்வுபெற்றவள். அந்த அறிவு துறைக்குள் எங்கே இருந்தது, யார் மேஜையில் கிடந்தது, யார் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை என்பதெல்லாம் கண்ணால் பார்த்தவள். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் சிறையில் ஒரு தலைமைக் காவலர் இருந்தார். கைதிகளை மனு போட்டுப் பார்க்க வருகிறவர்கள் விடிகாலையிலேயே வந்து வாசலில் காத்துக்கிடப்பார்கள், கைக்குழந்தையோடு வந்தவளுக்கும் வயதான அப்பாவுக்கும் அதே வரிசைதான், மதியம் வரை நின்றுவிட்டுப் பார்க்காமலே திரும்பிப் போனவர்களும் உண்டு. இதைப் பார்த்துப் பார்த்து அவர் ஒரு யோசனை எழுதிக் கொடுத்தார். எந்த பிளாக்குக்கு எந்தக் கிழமை, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை டோக்கன், வக்கீல்களுக்குத் தனி ஜன்னல். ஒரே ஒரு தாள், நீலப் பேனா, நடுவில் ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டம். அந்தத் தாள் மேலே போனது. "பார்வையிடப்பட்டது, கோப்பில் வைக்கவும்" என்ற குறிப்போடு கீழே வந்தது. கோப்பில் வைத்தவள் நான்தான்.

மூன்று வருஷம் கழித்து வெளி ஆலோசகர்கள் வந்தார்கள். படித்த பிள்ளைகள், மரியாதையாகப் பேசினார்கள், அவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இரண்டு நாள் அந்தத் தலைமைக் காவலரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஆறு மாதத்தில் வழவழப்பான தாளில் அறிக்கை வந்தது. அதில் "பார்வையாளர் வருகை மேலாண்மை" என்று ஒரு அத்தியாயம். கிழமை, டோக்கன், தனி ஜன்னல், எல்லாம் அப்படியே இருந்தது, கட்டம் மட்டும் கலரில். நான் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். "நல்லா எழுதியிருக்காங்கம்மா" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டார். அவர் பெயர் அந்த அறிக்கையில் எங்கேயும் இல்லை.

சரி, யோசனை யாருடையதாக இருந்தால் என்ன, நடந்தால் போதும் என்று நீங்கள் சொல்லலாம். நடக்கவில்லை. அதற்குள் கண்காணிப்பாளர் மாறினார், அறிக்கை பீரோவுக்குள் போனது. ஆனால் பணம் முழுசாகப் போனது. அதற்கான பில் என் மேஜை வழியாகத்தான் போனது. "தொழில்முறைச் சேவைகள்" என்று ஒரே ஒரு வரி, பக்கத்தில் ஒரு தொகை. எத்தனை பேர் எத்தனை நாள் வந்தார்கள் என்பதற்கு வருகைப் பதிவு கிடையாது. கேட்ட வேலை முடிந்தது என்று யாரும் சான்று தரவில்லை. நான் ஆட்சேபணை எழுதினேன். "பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, விவரம் கோரத் தேவையில்லை" என்று திரும்பி வந்தது. அதே வாரம் காவல் கோபுரத்துக்கு நான்கு பல்பு வாங்கக் கேட்ட கோப்பு மூன்று விலைப்புள்ளி இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டது. இரண்டையும் ஒரே நாளில் பதிவேட்டில் ஏற்றினேன். இருட்டில் கோபுரத்தில் நின்றவருக்கு அந்தப் பாதுகாப்பு எங்கே போனது என்று அன்றைக்குக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, இன்றைக்குக் கேட்கிறேன்.

இது ஏதோ ஒரு மூலையில் ஒரு அலுவலகத்தில் நடந்தது என்று ஒதுக்கிவிடாதீர்கள். நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறை விவகாரம் உங்களுக்குத் தெரியாததல்ல. அங்கே வன்முறையைக் குறைக்க மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனத்தை 2014-ல் அமர்த்தினார்கள், மொத்தத்தில் 2.75 கோடி டாலர் கொடுத்தார்கள். சோதனை முயற்சியாக எடுத்துக்கொண்ட பகுதிகளில் வன்முறை வெகுவாகக் குறைந்துவிட்டது என்று கணக்குக் காட்டப்பட்டது. சொன்னபடி கேட்கக்கூடிய கைதிகளாகப் பார்த்து அந்தப் பகுதிகளில் அடைத்ததால்தான் எண்ணிக்கை அழகாக வந்தது என்று 2019 டிசம்பரில் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் எழுதியது. மெக்கின்சி அதை மறுத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் ஆதங்கம் வேறு. இந்தக் கேள்வி பணம் கொடுத்த அரசுக்கு ஏன் முதலில் வரவில்லை? சிறையில் ஒரு நாள் வேலை பார்த்தவருக்குக்கூட இது தெரியும், சாதுவான ஆட்களாகப் பொறுக்கி ஒரு பிளாக்கில் போட்டால் அந்த பிளாக்கில் அடிதடி இருக்காது. எந்த வார்டரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

பிரிட்டனில் சிறையிலிருந்து வெளியே விடப்பட்டவர்களையும் ஜாமீனில் இருப்பவர்களையும் கண்காணிக்கக் காலில் மின்னணுப் பட்டை கட்டும் வேலையை ஜிஃபோர்எஸ், செர்கோ என்ற இரண்டு நிறுவனங்களிடம் விட்டிருந்தார்கள். அவர்கள் ஆலோசகர்கள் கிடையாது, ஒப்பந்தக்காரர்கள்தான், ஆனால் நோய் ஒன்றே. இறந்துபோனவர்களுக்கும், திரும்பச் சிறைக்கே போய்விட்டவர்களுக்கும், நாட்டைவிட்டே போனவர்களுக்கும் சேர்த்துக் கட்டணம் வாங்கப்பட்டிருக்கிறது என்று 2013 ஜூலையில் நாடாளுமன்றத்திலேயே நீதித்துறை அமைச்சர் சொன்னார். ஒப்பந்தம் 2005-லிருந்து ஓடியது. மறு டெண்டர் போடப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. செர்கோ 6.85 கோடி பவுண்டும் ஜிஃபோர்எஸ் 10 கோடிக்கு மேலும் திருப்பிக் கொடுத்தன. அத்தனை வருஷமாக மாதாமாதம் அந்த பில்லைப் பாஸ் பண்ணியவர்கள் யார்? என்னைப் போல ஒரு கணக்குப் பிரிவு அங்கேயும் இருந்திருக்கும், அங்கேயும் யாராவது ஒருத்தர் ஆட்சேபணை எழுதித் திருப்பி வாங்கியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

காவல்துறைக்கு வருவோம். நியூயார்க் முன்னாள் மேயர் ருடி ஜூலியானியின் நிறுவனத்தை மெக்சிகோ நகரத்துக் குற்றங்களைக் குறைக்க ஆலோசனை சொல்லக் கூப்பிட்டார்கள். 43 லட்சம் டாலர், 2003-ல் 146 பரிந்துரைகள். அந்தப் பணத்தை அரசு தரவில்லை, தொழிலதிபர்கள் சேர்ந்து கொடுத்தார்கள். இன்னும் மோசம் என்பேன். பொதுப்பணமாக இருந்தால் என்றைக்காவது ஒரு தணிக்கைக்காரர் வந்து கேட்பார். காவல் நிலையம் எப்படி நடக்க வேண்டும் என்ற யோசனைக்குத் தனியார் பணம் கொடுத்தால் யார் யாரிடம் கணக்குக் கேட்பது?

பிரான்ஸில் செனட் சபை உட்கார்ந்து கேட்டது. அமைச்சகங்கள் ஆலோசனைக்குச் செலவழித்தது 2018-ல் சுமார் 38 கோடி யூரோ, 2021-ல் அது 89 கோடியைத் தாண்டியிருந்தது என்று 2022 மார்ச்சில் அச்சிட்டே வெளியிட்டார்கள். கேட்டதால் அங்கே சீர்திருத்தம் ஒன்றும் நின்றுபோகவில்லை, கேட்க முடியும் என்று தெரிந்தது.

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். முதல் ஒப்பந்தம் சின்னதாக இருக்கும், டெண்டர் போட்டு முறையாக வரும். அப்புறம் "பணி நீட்டிப்பு". அதற்கு டெண்டர் கிடையாது, ஒரு குறிப்பு போதும். முதல் அறிக்கையின் கடைசி அத்தியாயத்தில் அடுத்த கட்டத்துக்கு இன்னின்ன ஆலோசனை தேவை என்று எழுதியிருக்கும், அந்தத் தேவையை எழுதியவர்களே அந்த வேலைக்கும் வந்து நிற்பார்கள். கூலி ஆள் கணக்கு, நாள் கணக்கு. பலன் கணக்கு எந்தத் தாளிலும் இருக்காது. அதிகாரிகளுக்கும் இது சௌகரியம்தான். நாளைக்கு ஏதாவது தப்பாகப் போனால் "நிபுணர்கள் சொன்னார்கள்" என்று கையை உதறிவிடலாம். ஒரு சாலை சரியில்லை என்றால் பத்துப் பேர் மறியல் செய்வார்கள். சிறைக்குள் சரியில்லை என்றால் யார் வந்து கேட்பது? உள்ளே இருப்பவனின் பேச்சை யாரும் மதிப்பதில்லை, அவனைப் பார்க்க வருகிற அம்மாவுக்கு வரிசையில் இடம் கிடைத்தாலே போதும் என்றிருக்கும். காவல்துறையிலும் இதே கதைதான், பாதுகாப்பு என்ற ஒரு சொல்லை மேலே போட்டு மூடிவிடுகிறார்கள். கைதி தப்பிக்கும் வழி அறிக்கையில் இருந்தால் அந்தப் பக்கத்தை மறையுங்கள், ஒப்புக்கொள்கிறேன். பணம் எவ்வளவு, கையெழுத்து யாருடையது என்று சொன்னால் எந்தக் கைதி சுவரேறிக் குதிப்பான்?

வெளி ஆட்களே வேண்டாம் என்கிற கட்சி இல்லை நான். சிறைக்குள் தற்கொலைகளைத் தடுக்க ஒரு மனநல மருத்துவர் வந்து சொன்னது எங்கள் காவலர்களுக்கு உண்மையிலேயே தெரியாதது. இரவு ரோந்தில் எந்தக் கைதியிடம் நின்று இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று அவர்தான் கற்றுக்கொடுத்தார். அவர் வாங்கியது வெறும் போக்குவரத்துச் செலவு, அதற்கும் நாங்கள் மூன்று முறை ரசீது கேட்டோம். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உங்கள் மேலும் எனக்குக் குறை உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் காலிப் பணியிடங்களைப் பற்றி ஒரு கடிதம் அனுப்பியிருந்தேன். இரண்டு காவலர்கள் பார்க்க வேண்டிய பிளாக்கை ஒருவர் பார்க்கிறார், அவருக்கு வார விடுப்பு என்பதே மறந்துபோய்விட்டது என்று எழுதியதில் பாதியை வெட்டிவிட்டு, நன்றி சொன்ன கடைசி இரண்டு வரியை மட்டும் அப்படியே போட்டீர்கள். இடப் பற்றாக்குறை என்றீர்கள். போன இதழில் ஆலோசகர்களைப் புகழ நான்கு பக்கம் இருந்திருக்கிறது. அதைப் பார்த்தபோது மனசு வலித்தது, மறைக்க விரும்பவில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். இனிமேல் இப்படி ஒரு ஆலோசனை அறிக்கையைப் பற்றி எழுதும்போது பக்கத்தில் ஒரு பெட்டிச்செய்தி போடுங்கள். மொத்தம் எவ்வளவு கொடுத்தார்கள், எத்தனை முறை நீட்டித்தார்கள், ஒப்புதல் கையெழுத்து எந்தப் பதவியில் இருந்தவருடையது, எத்தனை பரிந்துரை நடைமுறைக்கு வந்தது. துறையில் கேட்டுப் பதில் வரவில்லை என்றால் "கேட்டோம், தரவில்லை" என்று அதே பெட்டியில் அச்சடியுங்கள். உங்கள் நிருபர் ஒருவர் இரண்டு நாள் அலைந்தால் முடிகிற வேலை.

இந்தக் கடிதம் நீளம் என்று எனக்கே தெரிகிறது. வெட்டுவதென்றால் உங்களைப் பற்றிச் சொன்னதை வெட்டிக்கொள்ளுங்கள், என்னைப் பற்றிச் சொன்னதையும் வெட்டுங்கள். அந்தத் தலைமைக் காவலர் நீலப் பேனாவில் எழுதிக் கொடுத்த தாளைப் பற்றிய பத்தியை மட்டும் தயவுசெய்து விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிறைத்துறைக் கணக்குப் பிரிவு ஊழியர்