பாம்புக்கடிப் பதிவில் பாம்பின் இனமும் வேண்டும்

ஐயா,
பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக (மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியதாக) தமிழக அரசு 2024இல் சேர்த்தது குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். வரவேற்கத்தக்க முடிவு. ஆனால், எண்ணிக்கையோடு பாம்பின் இனமும் பதிவாக வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் கூன்மூக்குக் குழிவிரியனே இதற்குச் சான்று. ஒரு முழத்துக்கு மேல் அதிகம் வளராத, காய்ந்த இலை நிறப் பாம்பு இது. மூக்கு நுனி மேல்நோக்கித் தூக்கியிருக்கும். கண்ணுக்கும் நாசிக்கும் நடுவே குழி உண்டு. சுருட்டை விரியனுக்கு அந்தக் குழி கிடையாது. அது வறண்ட நிலத்துப் பாம்பு. இரண்டையும் குழப்பிக்கொண்டு விஷமுறிவு மருந்து ஏற்றுகிறார்கள். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்காகத் தயாராகும் அம்மருந்து கூன்மூக்குக் குழிவிரியனின் நஞ்சை முறிக்காது. ஒவ்வாமை ஆபத்துதான் மிச்சம். இந்த நஞ்சால் பாதிக்கப்படக்கூடிய சிறுநீரகம் கவனிப்பாரற்றுப் போகிறது.

காபி, ஏலத் தோட்டங்களில் சருகை வெறுங்கையால் ஒதுக்கும்போதே இது கடிப்பதைக் காண்கிறோம். அடையாளம் காட்டவென்று பாம்பை அடித்துக் கொண்டுவருவது கொடுமை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. துண்டித்த தலையும் கடிக்கும். எட்ட நின்று கைபேசியில் எடுத்த படமே போதும். மலை மாவட்ட மருத்துவமனைகளின் பதிவுப் படிவத்தில் இனம், கடித்த இடம், படம் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டங்கள் சேர்க்கச் சுகாதாரத் துறை ஆவன செய்ய வேண்டும்.

- ஒரு வாசகர், வால்பாறை