ஆம்பளைங்க டாக்டர்கிட்ட போகாததுக்கு காரணம் சோம்பல் இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஆண்கள் ஏன் டாக்டர்கிட்ட போறதில்லனு போன இதழ்ல வந்த கட்டுரை படிச்சேன். நல்லாதான் இருந்துச்சு, ஆனா சோம்பேறித்தனம் அலட்சியம்னு ஈஸியா முடிச்சுட்டீங்க, அதுலதான் எனக்கு உடன்பாடு இல்ல. நான் நர்ஸ், ஓபில உக்காந்து பிபி பாத்து உள்ள அனுப்புறதுதான் பல வருஷமா வேலை, நான் பாத்த வரைக்கும் அது பயம்ங்க. எதையாவது கண்டுபிடிச்சு சொல்லிட்டா என்ன பண்றது, லீவு போடணும், வீட்ல தெரிஞ்சா பதறுவாங்க, அதுக்கு போகாமலே இருந்துட்டா நோயே இல்லனு ஒரு கணக்கு.

பிபி பட்டைய கையில சுத்தும்போதே "எனக்கெல்லாம் ஒண்ணும் இல்ல சிஸ்டர், வீட்ல தொல்ல தாங்கல"னு சிரிப்பாங்க. மெஷின் 170/110னு காட்டும். ஒரு தலைவலி கூட இல்லையே, மெஷின்தான் ரிப்பேர்னு என்கிட்டயே சண்டைக்கு வருவாங்க. பிபிக்கு பெரும்பாலும் அறிகுறியே இருக்காது, 140/90ஐ தாண்டி வருஷக்கணக்கா ஓடிட்டு இருந்தாலும் வெளிய ஒண்ணும் தெரியாது, உள்ள கிட்னி, கண்ணு, இதயம்னு ஒவ்வொண்ணா கெட்டுட்டு இருக்கும்.

இன்னொண்ணு, டாக்டர்கிட்ட முழங்கால் வலிய பத்தியே பேசி முடிச்சு, எழுந்து கதவுல கை வச்ச பிறகு திரும்பி "டாக்டர், இன்னொரு சின்ன விஷயம்"னு இழுக்கறவங்க எத்தனையோ பேரு. வந்ததே அந்த சின்ன விஷயத்துக்குத்தான். நைட்டு மூணு நாலு தடவ யூரினுக்கு எழுந்திரிக்கிறது, இல்லனா விறைப்பு சரியா வராத பிரச்சனை. கூச்சம் இருக்கத்தான் செய்யும். ஆனா விறைப்பு குறையறது சில பேருக்கு இதய நோயோட முதல் அறிகுறி, அங்க இருக்கற ரத்தக்குழாய் இதயத்துக்கு போற குழாய விட சின்னது, அதனால அடைப்பு அங்கதான் முதல்ல தெரியும். இது தெரியாம யாரோ சொன்னாங்கனு தானே மாத்திரை வாங்கி போட்டுக்கறாங்க, நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுக்கறவங்க அத போட்டா பிபி சடார்னு இறங்கி உயிருக்கே ஆபத்தாயிடும்.

மனசு சரியில்லனு எந்த ஆம்பளையும் வந்து உக்காந்ததா எனக்கு ஞாபகம் இல்ல. தூக்கம் வரல, சும்மா சும்மா கோவம் வருது, குடி ஜாஸ்தியாயிடுச்சு, இப்படித்தான் வரும், அதுவும் கூட வந்தவங்கதான் சொல்வாங்க. உலக அளவுல தற்கொலையில சாகற ஆண்கள் பெண்கள விட ரெண்டு மடங்குக்கும் மேல, சராசரி ஆயுசும் ஆண்களுக்கு 5 வருஷம் கிட்ட குறைவு. இதுக்கு எல்லாமே டாக்டர்கிட்ட போகாததுதான் காரணம்னு சொல்ல மாட்டேன், சிகரெட், குடி, ஆபத்தான வேலைனு நிறைய இருக்கு, ஆனா இது மாத்தக்கூடிய காரணம்.

வீட்ல இருக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், திட்டி அனுப்பினா வந்துட்டு பாதிய மறைச்சுட்டு போயிடுவாங்க. "எனக்கும் சுகர் பாக்கணும், வா சேர்ந்து போலாம்"னு கூப்பிட்டா கிளம்பிடுவாங்க, ஃபிரெண்டு கூப்பிட்டா இன்னும் சீக்கிரம். உள்ள போனதும் ஒரு அஞ்சு நிமிஷம் அவங்கள டாக்டர்கிட்ட தனியா விட்டுட்டு வெளிய வந்துடுங்க. மனைவி பக்கத்துல இருந்தா சிகரெட் எண்ணிக்கை பாதியா குறைஞ்சிடுது, இத நான் தினமும் பாக்கறேன்!

உங்க டாக்டர் கேள்வி பதில் பக்கத்துல ஆண்கள் பேர் போடாம கேக்கறதுக்கு இடம் கொடுங்க சார். முதல்ல விரையில வர்ற வலியில்லாத கட்டிய பத்தி எழுத சொல்லுங்க, அந்த புற்றுநோய் வயசு பசங்களுக்குத்தான் அதிகமா வருது, சீக்கிரம் வந்தா பெரும்பாலும் முழுசா குணமாயிடும், ஆனா வலிக்கலையேனு மாசக்கணக்கா விட்டுட்டு வர்றாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி