சைகைக்கும் எழுத்து உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் சைகை மொழி குறித்து வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். இடையே, சைகை மொழிகளுக்கு எழுத்து கிடையாது என்று ஒரு வரி இருந்தது. காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள் நான்; அந்த வரியை அப்படியே விட மனம் வரவில்லை.

1825-லேயே பெபியான் என்ற பிரெஞ்சு ஆசிரியர், சைகைகளைக் குறியீடுகளால் எழுதும் முறையை நூலாக வெளியிட்டுவிட்டார். 1960-இல் அமெரிக்காவில் காது கேளாதோருக்கான கலாடெட் கல்லூரியின் பேராசிரியர் வில்லியம் ஸ்டோக்கி, கையின் வடிவம், அது இருக்கும் இடம், அசைவு ஆகியவற்றுக்குக் குறிகள் வகுத்தார். அது ஆய்வாளர்களுக்கு உதவியது. பிள்ளைகளும் எழுதக்கூடிய முறை என்று நான் கருதுவது, நடன அசைவுகளை எழுதிப் பழகிய வாலரி சட்டன் 1974-இல் டென்மார்க்கில் உருவாக்கிய ‘சைன்ரைட்டிங்’ (SignWriting).

விரல் அசைவை அதில் எழுதும் விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். விரலின் நடு மூட்டு மடங்கினால், அந்த விரலை ஒட்டி ஒரு கரும்புள்ளி. நிமிர்ந்தால் உள்ளே நிரப்பாத வட்டப்புள்ளி. உள்ளங்கையோடு சேரும் அடிமூட்டு அசைந்தால் புள்ளிக்குப் பதில் அம்பின் தலை போன்ற சின்னக் கூர்முனை. அது மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்பதிலேயே விரல் நிமிர்கிறதா மடங்குகிறதா என்று தெரிந்துவிடும். கூர்முனைகள் மேலும் கீழும் மாறி மாறி நின்றால் விரல்கள் ஒன்று மாற்றி ஒன்று அசைகின்றன. உள்ளங்கை நம்மைப் பார்த்திருந்தால் கையின் குறி வெள்ளை, புறங்கை என்றால் கறுப்பு. கை அதே இடத்தில் இருக்க, விரல் அசைவு மட்டும் மாறினாலே பொருள் மாறிவிடுகிற மொழியில் இந்த நுணுக்கம் எவ்வளவு அவசியம்!

நிகராகுவாவின் புளூஃபீல்ட்ஸில் காது கேளாத பிள்ளைகள் இந்த எழுத்தில் படிக்கவும் எழுதவும் கற்றார்கள். பிரேசிலில் சைகை அகராதியே இந்த எழுத்தோடு வந்திருக்கிறது. கணினியில் உலக மொழிகளின் எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடிலும் 2015-இல் இதற்கு இடம் கிடைத்துவிட்டது.

நம் நாட்டில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021-இல் 10,000 சொற்களுக்கு அகராதி கொண்டுவந்தது பெரிய காரியம். ஆனால் அது காணொளி அகராதி. காணொளிதான் இருக்கிறதே, எழுத்து எதற்கு என்று என்னிடமே பலர் கேட்கிறார்கள். காணொளியில் ஒரு சைகையை மட்டும் அடித்துத் திருத்த முடியுமா? நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொள்ள முடியுமா? இன்று என் மாணவர்கள் மனதில் பட்டதை எழுத, தமிழுக்கோ ஆங்கிலத்துக்கோ மாறித்தான் ஆக வேண்டும். அந்த இரண்டும் அவர்களுக்கு அவசியம்தான்; அதற்காகத் தங்கள் மொழியில் எழுதும் வாய்ப்பு ஏன் இல்லாமல் போக வேண்டும்?

அகராதியின் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் இந்தக் குறியீட்டையும் சேர்க்க வேண்டும். சிறப்பாசிரியர் பயிற்சியிலும் இதற்கு ஒரு பாடவேளை ஒதுக்க வேண்டும். தங்கள் இதழின் சிறுவர் பகுதியில் வாரம் ஒரு சைகையை இந்த எழுத்தில் வெளியிட முடியுமா? காது கேட்கும் பிள்ளைகளும் கற்றுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
மதுரை