தண்ணீரை மட்டுமல்ல, சேற்றையும் சோதியுங்கள்

ஆசிரியருக்கு,

பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பக்கம், தடா அருகே இருக்கிறோம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. போன வருஷம் ஏரியைச் சோதிக்க வந்தவர்கள் ஒரு பாட்டிலில் தண்ணீர் மொண்டுகொண்டு போனார்கள். அதுவும் நல்ல மழைக்குப் பிறகு, ஏரி நிரம்பிக் கிடந்தபோது!

ஈயம் போன்ற உலோகங்கள் தண்ணீரில் நெடுநாள் மிதப்பதில்லை. வண்டல் துகளில் ஒட்டிக்கொள்ளும். ஆற்று நன்னீர் உப்புநீரைத் தொடும் இடத்தில் அந்தத் துகள்கள் திரண்டு, இன்னும் வேகமாக அடியில் படியும். அந்தச் சேற்றைக் கிளறித்தான் நண்டும் இறாலும் இரை தேடுகின்றன. முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் கடலுக்குக் கழுவிப் போகவும் வழியில்லை.

ஒட்டிக்கொள்ளும் மாசு எளிதில் போகாது என்பதற்கு எண்ணூரே சாட்சி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதக் கடைசியில், நள்ளிரவில், அங்கேயே கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் மூச்சுத்திணறி ஓடினார்கள். வாயுவைக் காற்று கலைத்துவிட்டது. எண்ணெய்யோ அலையாத்தி வேர்களில் அப்பிக்கொண்டது.

ஆரணியாறு ஆந்திராவில் பிறந்து, ஊத்துக்கோட்டை வழியாகத் தமிழ்நாட்டில் ஓடி, இரு மாநிலமும் பங்குபோட்ட ஏரியில் விழுகிறது. இரு மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களும் ஒரே நாளில், ஒரே முறையில், கோடையிலும் மழைக்குப் பின்னும் சேறெடுத்துச் சோதிக்கட்டும். முடிவைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி மீன் ஏலம் விடும் இடத்தில் ஒட்டட்டும்.

ஒரு வாசகர், தடா